பெங்களூரில் பிசகிய கணக்கு

தில்லியில் காமராஜர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. கே. காமராஜ் மார்க். நான் இந்த ஊருக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பலகையைப் படித்ததில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு குளிர்காலத்தில் விருதுநகரிலிருந்து அப்பா வந்திருந்தார். இந்தியா கேட் பார்க்கப் போகும் வழியில் அவர்தான் காரை நிறுத்தச் சொன்னார். மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னது இது: "பேரை வெச்சு என்ன செய்ய? இந்த ஊர்லதான ஐயாவைக் கவுத்தாங்க."

"இங்க இல்லப்பா, பெங்களூர்ல. அதுவும் அடுத்தவங்க கவுக்கல, அவங்களே போட்ட கணக்கு கவுத்துருச்சு" என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று இந்தியா கேட்டை ஒழுங்காகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, இரவு பதினோரு மணி வரை இரண்டு பேரும் 1969-லேயே இருந்தோம். அந்தச் சண்டையின் மிச்சம்தான் இது.

1969-ல் அப்பாவுக்கு 21 வயது. விருதுநகரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 20-ஆம் தேதி மண்டி ரேடியோவைச் சுற்றி வத்தல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து செய்தி கேட்டதாகச் சொல்வார். ஐயா நிறுத்திய ஆள் தோற்றுப்போனார் என்று தெரிந்ததும் முதலாளி பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். "துரோகம்" என்ற ஒரு வார்த்தையில் அந்த நாளை முடித்துவிடுவார் அப்பா. நானும் சின்ன வயதில் அதை அப்படியே நம்பி வளர்ந்தவன்தான். தில்லிக்கு வந்த பிறகு பழைய புத்தகங்களைப் புரட்டி எண்களைப் பார்த்தபோதுதான் வேறு மாதிரித் தெரிந்தது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நமக்கு ஓட்டில்லை என்பது தெரிந்ததுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். ஆனால் எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை இல்லை. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. 1969-க்கு 1961 மக்கள்தொகைக் கணக்கு. தமிழ்நாட்டில் மூன்று கோடியே முப்பத்தாறு லட்சம் சொச்சம் பேர், 234 எம்.எல்.ஏ.க்கள், ஓட்டு மதிப்பு 144. நாட்டிலுள்ள எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி. ஓட்டின் மதிப்பு. அது அப்போது 576. (2022 தேர்தலில் 700.)

வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்து யார் பெயர் இருக்கிறதோ அவருக்குச் சேர்ப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது ரகசிய ஓட்டு. யார் யாருக்குப் போட்டார் என்று எந்தக் கட்சித் தலைவரும் பார்க்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

காங்கிரஸ் கட்சி "யாரை நிறுத்தலாம்" என்று பிரதமரோடு மல்லுக்கட்டியது 1969-ல்தான் முதல் தடவை என்று நினைத்துவிடாதீர்கள். குடியரசு பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியையே முதல் குடியரசுத் தலைவராக வைத்துக்கொள்ள நேரு விரும்பினார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ராஜாஜி ஒதுங்கி நின்றதைக் கட்சிக்காரர்கள் மறக்கவில்லை. படேலும் ராஜேந்திர பிரசாத் பக்கம் சாய்ந்தார். நேரு விட்டுக்கொடுத்தார். 1950 ஜனவரி 24-ல் பிரசாத் போட்டியில்லாமல் தேர்வானார். தமிழர் ஒருவர் அந்த மாளிகையில் குடியரசுத் தலைவராக உட்கார 1987-ல் ஆர். வெங்கட்ராமன் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. (ராதாகிருஷ்ணன் திருத்தணிக்காரர்தானே என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை :-))

1967-ல் அந்த ராதாகிருஷ்ணனே தொடரட்டும் என்று கட்சித் தலைவராக இருந்த காமராஜர் நினைத்தார். இந்திரா காந்தி துணைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன்தான் வேண்டும் என்றார். அந்த முறை பிரதமர் சொன்னது நடந்தது. எதிர்க்கட்சிகள் தலைமை நீதிபதி சுப்பா ராவைப் பதவி விலக வைத்துக் களத்தில் இறக்கின. ஜாகிர் உசேன் 4,71,244 ஓட்டு, சுப்பா ராவ் 3,63,971. பல மாநிலங்களில் ஆட்சியை இழந்து, மக்களவையில் 520-க்கு 283 என்று சுருங்கியிருந்த காங்கிரஸுக்கு அது நல்ல வெற்றிதான். அந்த 4,71,244 என்ற எண்தான் பின்னால் தலைவர்களைத் தூங்க வைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். நம் ஓட்டு நம்மிடம்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

1969 மே 3-ஆம் தேதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்தவர் யார்?

கட்சியின் முன்னால் மூன்று பெயர்கள்.

முதல் பெயர் கிரி. ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன் இருவருமே துணைப் பதவியிலிருந்து மேலே போனவர்கள், ஆகவே தனக்கும் அதே வழி என்று அவர் எதிர்பார்த்ததில் தப்பில்லை. ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். சென்னை மாகாணத்தில் 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர். நேரு அமைச்சரவையில் தொழிலாளர் மந்திரியாக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த சம்பளத் தீர்ப்பை அரசு குறைத்ததற்காக 1954-ல் ராஜினாமா செய்தவர். உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று இடங்களில் கவர்னர். இடதுசாரிகள் முதல் தி.மு.க. வரை அவருக்குப் போட யாருக்கும் கை கூசாது. ஆனால் காங்கிரஸின் மூத்த தலைவர்களுக்கு அவர் மேல் உற்சாகமே இல்லை. வயதும் 75-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது நீலம் சஞ்சீவ ரெட்டி. 56 வயது. ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர், கட்சியின் முன்னாள் தலைவர், 1967-லிருந்து மக்களவை சபாநாயகர். சபாநாயகர் ஆனதும் கட்சி உறுப்பினர் பதவியையே விட்டவர். சபையை நன்றாக நடத்துகிறார் என்று எதிர்க்கட்சிகளிடமும் பெயர் வாங்கியவர். தனி மனிதராகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் 'சிண்டிகேட்' ஆள். காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல், அதுல்ய கோஷ் என்று மாநிலத் தலைவர்களின் அந்தக் கூட்டத்துக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. நேருவுக்குப் பிறகு சாஸ்திரியை, சாஸ்திரிக்குப் பிறகு இந்திராவை நாற்காலியில் உட்கார வைத்தவர்கள். 1967-ல் மக்கள் அவர்களில் பலரைத் தோற்கடித்திருந்தார்கள். பாட்டீல் பம்பாயில் ஜார்ஜ் பெர்னாண்டஸிடம் தோற்றார். காமராஜர் தோற்றது எங்கள் ஊரிலேயே, 1,285 ஓட்டில். ரெட்டி மாளிகைக்குள் போனால் நாளைக்குத் தன்னை விலக்கிவிட்டு மொரார்ஜியை அழைப்பார் என்று இந்திரா பயந்தார் என அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். அந்தப் பயம் வீண் பயமா என்பது வேறு கதை. பிரதமருக்கு அந்தப் பயம் இருந்தது, அதுதான் முக்கியம்.

மூன்றாவது ஜகஜீவன் ராம். 1946-லிருந்து மத்திய மந்திரியாகப் பழகியவர். 1969 காந்தி நூற்றாண்டு. அந்த வருடத்தில் ஒரு தலித் தலைவரைக் காங்கிரஸ் நிறுத்தினால் எந்தக் கட்சி நேருக்கு நேர் எதிர்க்கும்? எண்ணிப் பார்த்தால் மூன்று பேரில் எதிர்க்கட்சி ஓட்டையும் இழுக்கக்கூடியவர் இவராகத்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தலித் ஒருவர் அந்தப் பதவிக்கு வர நாடு 1997 வரை காத்திருந்தது. அப்போது கே.ஆர். நாராயணன் 9,56,290 ஓட்டு வாங்கினார். எதிர்த்து நின்ற நம் டி.என். சேஷனுக்கு 50,631. அப்படிப்பட்ட வேட்பாளரை எதிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்த எண்களே போதும்.

ஜூலை 12-ல் பெங்களூரில் காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு கூடியது. அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டமும் அதே சமயத்தில் அங்கேதான். இந்திரா தாமதமாக வந்தார். அவசரமாக எழுதிய சில எண்ணங்கள் என்று சொல்லி வங்கிகளைப் பற்றி ஒரு குறிப்பை முன்னதாகவே அனுப்பி வைத்திருந்தார். ஃபக்ருதீன் அலி அகமது அதைச் சமர்ப்பித்தார். எல்லோர் பார்வையும் அந்தக் குறிப்பின் மேல் இருந்தது. குடியரசுத் தலைவர் பெயர் வந்தபோது இந்திரா ஜகஜீவன் ராமைச் சொன்னார். ஃபக்ருதீன் அவரோடு நின்றார். காமராஜர், மொரார்ஜி, பாட்டீல் மூவரும் ரெட்டி. இந்திரா தன்னோடு வருவார் என்று நினைத்திருந்த சவானும் ரெட்டி பக்கம் போனார். முடிந்தது.

அந்த அறையில் நடந்ததில் என்னை உறுத்துவது ஒன்றுதான். யார் வேண்டும் என்று பேசினார்கள். யார் நமக்குக் கட்டுப்படுவார், யார் அந்தம்மாவுக்குக் கட்டுப்படுவார் என்று இரண்டு தரப்பும் எடை போட்டன. நாடு முழுக்க இருக்கிற நாலாயிரம் ஓட்டுக்காரர்களில் யார் யார் போடுவார்கள் என்று எண்ணியதற்கு அடையாளம் எதையும் நான் படித்த எதிலும் பார்க்கவில்லை. கட்சி சொன்னால் கட்சிக்காரன் போடுவான் என்பது அவர்களுக்குச் சூரியன் உதிப்பது மாதிரி. பஞ்சாயத்து, தொகுதி, ஜாதி, மழை எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருந்த காமராஜர் அந்த அறையில் இருந்தார். தமிழ்நாட்டில் எந்த ஊரில் யார் மனசு மாறியிருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்த மனுஷர். ரகசிய ஓட்டில் பிரதமரே எதிர்ப்பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்கலாம்.

அதற்கப்புறம் பத்து நாட்களுக்குள் நடந்ததை ஒரு சினிமாவாக எடுத்தால் நம்ப மாட்டார்கள். மறுநாளே கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். 16-ஆம் தேதி மொரார்ஜியிடமிருந்து நிதித் துறையை இந்திரா எடுத்துக்கொண்டார், அவர் ராஜினாமா செய்தார். 19-ஆம் தேதி 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம். கையெழுத்துப் போட்டது தற்காலிகக் குடியரசுத் தலைவர் கிரி. பதினைந்து வருடங்களுக்கு முன்பு வங்கி ஊழியர்களுக்காக மந்திரி பதவியை விட்ட அதே கிரி. மறுநாள் 20-ஆம் தேதி போட்டியிடுவதற்காகப் பதவியை விட்டார். துணைத் தலைவரும் இல்லாததால் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திரா காந்திதான்! அப்பா "துரோகம்" என்று சொல்வது இந்த இடத்தைத்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் துரோகத்துக்கு ஒரு சாக்கு வேண்டுமே. அதைக் கொடுத்தது யார்? அப்போது காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா. களத்தில் மூன்றாவது பெரிய வேட்பாளர் சி.டி. தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர், நேருவின் நிதி மந்திரி. அவரை நிறுத்தியது சுதந்திராவும் ஜனசங்கமும். நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளின் தலைவர்களைப் பார்த்து, உங்கள் இரண்டாம் விருப்ப ஓட்டை ரெட்டிக்குப் போடுங்கள் என்று கேட்டார். சுதந்திரா யாருடைய கட்சி? 1950-ல் காங்கிரஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய ராஜாஜி 1959-ல் ஆரம்பித்த கட்சி. காமராஜரின் ஆயுட்காலப் போட்டியாளர் ராஜாஜி! அவருடைய கட்சியின் ஓட்டு, காமராஜர் நிறுத்திய ஆளைக் கரை சேர்க்க வேண்டும். அந்த ஒன்றைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்திரா தரப்பு விடவில்லை. ஜகஜீவன் ராமும் ஃபக்ருதீனும் விளக்கம் கேட்டு எழுதினார்கள். வலதுசாரிகளோடு பேரம் என்றார்கள், உறுப்பினர்கள் சுதந்திரமாக வாக்களிக்கட்டும் என்றார்கள். ரெட்டிக்குப் போடச் சொல்லிக் கொறடா உத்தரவு கொடுங்கள் என்று நிஜலிங்கப்பா கேட்டபோது இந்திரா மறுத்தார். கடைசியில் 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்ற வார்த்தை வந்தது. ரெட்டியைப் பற்றி அசிங்கமான ஒரு துண்டுப் பிரசுரமும் எம்.பி.க்கள் நடுவே சுற்றியது. தேர்தலுக்குப் பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரே சாட்சி சொல்ல வந்தார். பிரசுரம் சுற்றியது உண்மை, ஆனால் கிரிக்கு அதில் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்று 1970-ல் தேர்தல் செல்லும் எனத் தீர்ப்பானது.

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு. 20 எண்ணிக்கை. இனிமேல்தான் நான் அப்பாவுக்கு மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிய கணக்கு.

களத்தில் 15 பேர். செல்லுபடியான ஓட்டு மதிப்பு 8,36,337. ஜெயிக்க வேண்டியது 4,18,169. முதல் விருப்ப ஓட்டில் கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769. மற்ற பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 8,505. யாருக்கும் பாதி வரவில்லை. ஒவ்வொருவராக நீக்கி, தேஷ்முக்கையும் நீக்கி, அடுத்த விருப்பங்களைச் சேர்த்த பிறகு கிரி 4,20,077. ரெட்டி 4,05,427.

அப்பா கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பதினாலாயிரம் ஓட்டுதான்" என்றார். 14,650. எம்.பி. ஓட்டு 576 என்றால், பதின்மூன்று எம்.பி.க்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் ரெட்டி ஜெயித்திருப்பார். பதின்மூன்றே பேர். அப்பாவின் மனசு அந்தப் பதின்மூன்று பேரில் நின்றுவிட்டது. 1967-ல் தி.மு.க. மக்களவையில் வென்ற இடங்கள் 25. 25-ஐ 576-ஆல் பெருக்கினால் 14,400, வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட அதே எண். தி.மு.க. கிரியைத்தான் ஆதரித்தது. அண்ணா அந்த வருடம் பிப்ரவரியில் மறைந்து, கலைஞர் முதல்வராகி ஆறு மாதம். "அதச் சொல்லு, நம்ம ஊர்க்காரனே போட்டான்ல" என்று அப்பா மேஜையைத் தட்டினார்.

நான் வேறு வரியைக் காட்டினேன். நீக்கப்பட்டவர்களிடம் இருந்த ஓட்டு மொத்தம் 1,21,274. அதில் ரெட்டிக்கு வந்தது 91,879. கிரிக்கு 18,562. மிச்சம் யாருக்கும் போகாமல் கழிந்தது. அதாவது நான்கில் மூன்று பங்கு ரெட்டிக்கே வந்திருக்கிறது! நிஜலிங்கப்பா கேட்டுப் போனது வீணாகவில்லை, பேச்சு பேச்சாக நடந்திருக்கிறது. சுதந்திராவும் ஜனசங்கமும் சொன்னபடி செய்திருக்கின்றன. சொன்னபடி செய்யாதது காங்கிரஸ்காரர்கள்தான். 1967-ல் காங்கிரஸ் வேட்பாளருக்கு 4,71,244. இரண்டே வருடத்தில் முதல் விருப்பம் 3,13,548. ஒன்றரை லட்சத்துக்கு மேல் காணோம். வங்காளம், பஞ்சாப் போன்ற இடங்களில் 1969 இடைக்காலத் தேர்தலில் இழந்ததைக் கழித்தாலும் பெரும்பகுதி சொந்த வீட்டுக்குள் போன ஓட்டு. அடுத்த வீட்டு ஓட்டைச் சரியாக எண்ணியவர்கள் தங்கள் வீட்டு ஓட்டை எண்ணவில்லை. அதிலும் கொடுமை, அடுத்த வீட்டுக்குக் கேட்கப் போனதைக் காட்டித்தான் சொந்த வீட்டு ஆட்களைப் பிரித்தார்கள். 91,879-ஐ வாங்குவதற்காகப் போய் அதைவிட அதிகம் தொலைத்தார்கள்.

அப்பா ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியில் கணக்கெழுதியவர், கூட்டலை ஒருமுறை சரிபார்த்தார். தப்பில்லை.

"கொறடா உத்தரவு குடுத்திருந்தா?" என்றார்.

"ரகசிய ஓட்டுப்பா. யார் போட்டா யார் போடலன்னு எப்படிப் பிடிப்பாங்க?"

"அப்ப ஐயா என்ன பண்ணியிருக்கணும்கிற?"

இது நியாயமான கேள்வி. ஜகஜீவன் ராமை ஒத்துக்கொண்டிருந்தால் ஜெயிப்பதும் நிச்சயம், கட்சியும் ஒருவேளை கொஞ்ச காலம் ஒன்றாக இருந்திருக்கும் என்பது என் பதில். இந்திராவே சொன்ன பெயர் என்பதால் அவராலும் பின்வாங்க முடியாது. கிரியும் நின்றிருப்பாரா என்பது சந்தேகம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தம்மா வேறு சாக்கு கண்டுபிடித்திருக்கும், வங்கி இல்லையென்றால் மன்னர் மானியம் என்றார். அதையும் முழுதாகத் தள்ள முடியவில்லை. சண்டை எப்படியும் வந்திருக்கலாம். ஆனால் தோற்கக்கூடிய வேட்பாளரை முன்னால் நிறுத்தி அந்தச் சண்டைக்குப் போயிருக்க வேண்டியதில்லை என்பதில் நான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 12-ல் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், கட்சி இரண்டானது. 1971-ல் இந்திரா காங்கிரஸ் 352 இடம், காமராஜர் இருந்த பழைய காங்கிரஸ் 16. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணியில் நின்றார்கள். பெங்களூர் கணக்கு அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. நாகர்கோவிலில் காமராஜர் மட்டும் ஜெயித்தார்.

பெங்களூர் அறையில் இந்திராவோடு நின்ற ஃபக்ருதீன் 1974-ல் குடியரசுத் தலைவரானார். அவர் 1977 பிப்ரவரியில் பதவியிலேயே இறந்த பிறகு வந்தவர் யார் தெரியுமா? அதே சஞ்சீவ ரெட்டி. 37 பேர் மனு போட்டு 36 தள்ளுபடியாகி, போட்டியே இல்லாமல் வந்தார். மொரார்ஜி அப்போது பிரதமர். எட்டு வருடங்களுக்கு முன்பு ஜெயிக்க முடியாத அதே ஆள், அதே முகம், அதே தகுதி. காமராஜர் அதைப் பார்க்க இல்லை, 1975 அக்டோபர் 2-ல் போய்விட்டார். ஜகஜீவன் ராம் கடைசிவரை அந்த மாளிகைக்குள் போகவில்லை. கிரி ஓய்வுக்குப் பிறகு சென்னையில் இருந்து 1980-ல் அங்கேயே இறந்தார்.

மறுநாள் காலை அப்பா பால்கனி வெயிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்த மின்சார பில் அவர் சட்டைப் பையில் இருந்தது. பில் கட்ட வேண்டும் என்று கேட்டேன், தரவில்லை.

"நம்ம ஊர் எம்.எல்.ஏ. ஓட்டு எவ்வளவுன்ன?"

"144."

"எம்.பி.க்கு?"

"576."

"விருதுநகர்ல ஐயாவைத் தோக்கடிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 69 ஜனவரியில நாகர்கோவில் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு எம்.பி.யா போனார். விருதுநகர்லயே ஜெயிச்சிருந்தா ரெட்டிக்கு 144 தான போட்டிருப்பார்? தோத்ததால 576 போட்டார்." காபியை ஒரு மடக்கு குடித்தார். "இதையும் உன் கணக்குல எழுதிக்கோ."